1000எக்ஸ் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்: ஸ்பைனி வாட்டர் ஃப்ளீ அளக்க தேறுமா?

மூணு ஸ்டார். பெட்டி மேல பெருசா 1000எக்ஸ்னு போட்டிருக்கான், அத நம்பி வாங்காதீங்க, ரொம்ப திருகினா படம் கலங்கிடுது. ஆனா எனக்கு அவ்ளோலாம் தேவையே இல்ல, அதான் ரிட்டர்ன் பண்ணல.

நான் பாக்குறது ஸ்பைனி வாட்டர் ஃப்ளீ, நீள வால்முள்ளு இருக்குற குட்டி தண்ணிப்பூச்சி மாதிரி. கப்பல் ஆடாம இருக்க அடியில ரொப்புற பேலஸ்ட் தண்ணியில வந்து 1980கள்ல வட அமெரிக்காவோட கிரேட் லேக்ஸ் ஏரி அஞ்சுலயும் பரவுன ஜந்து, டாஃப்னியாங்குற இன்னும் குட்டியான தண்ணி ஜந்துவ புடிச்சு தின்னுட்டு கெடக்கு. அந்த அஞ்சுல ஒண்ணான லேக் ஹ்யூரான்ல மீன் புடிக்கிறவங்களுக்கு தெரியும், லைன சுத்தும்போது ராட் நுனியில ஈரப்பஞ்சு மாதிரி கொத்தா வந்து அடைக்கும். நான் அத அங்கயே ஆல்கஹால்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வந்துடுவேன்.

மொத்த நீளமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான், அதுல முக்கால்வாசி வால்முள்ளு. ஸ்டாண்ட மேல ஏத்தி வச்சா முழுசா ஃப்ரேமுக்குள்ள வருது, ஆனா ஸ்டாண்டு ஆடுற ஆட்டம் இருக்கே, டேபிள்ல டீ கிளாஸ் வச்சா போதும் ஃபோகஸ் போயிடும். எல்இடி வெளிச்சம் ஆல்கஹால்ல பட்டு கண்ண கூசுது, மேல டிஷ்யூ பேப்பர் ஒட்டுனதும் சரியாச்சு. அப்புறம் முள்ளுல இருக்குற கொக்கி ஜோடிங்க பளிச்சுனு தெரிஞ்சுது, ஒரு ஜோடின்னா குட்டி, மூணு ஜோடின்னா வளந்த பொண்ணு.

இது எதுக்குன்னா, இந்த ஜந்து சட்டை உரிக்கும்போது முள்ள மட்டும் கழட்டாது, அதனால நுனியில இருந்து முதல் கொக்கி வரைக்கும் உள்ள நீளம் பொறந்தப்ப இருந்ததுதான். அத அளந்தா வயசு வித்தியாசம் குழப்பாம சீசன் வித்தியாசத்த பாக்கலாம். ஐரோப்பாவுல இருக்குற கான்ஸ்டன்ஸ் ஏரியில, அது அதுக்கு சொந்த ஊரு மாதிரி, சீசன் ஆரம்பத்துல நெறைய சின்ன குட்டி போடுற தாய்ங்க கோடையில கம்மியா பெரிய குட்டியா போடுதுன்னு பாத்திருக்காங்க. பெரிய குட்டின்னா முள்ளும் நீளம், வாய் சின்னதா இருக்குற மீன்குஞ்சுக்கு நீள முள்ள முழுங்குறது கஷ்டம்ல, அதான் கணக்கு.

கூட வர சாஃப்ட்வேர் ஸ்கேல்தான் பெரிய தலைவலி. ஃபோகஸ் திருகுற ஒவ்வொரு தடவையும் அளவு மாறிடும், ஆனா சாஃப்ட்வேர் பழைய கணக்கையே காட்டிட்டு இருக்கும், அதனால ஸ்டீல் ஸ்கேல பக்கத்துல வச்சு தினம் புதுசா கேலிபரேட் பண்ணிக்கோங்க. குழந்தைங்களுக்கு இலை, எறும்பு காட்டணும்னா தாராளமா வாங்கலாம், அளக்கத்தான் வாங்குறீங்கன்னா கனமான ஸ்டாண்டுக்கும் சேத்து பட்ஜெட் போட்டுக்கோங்க.