ஆறு பக்கெட், இரண்டு கருகிய பம்ப்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "மாடியில் மண்ணே இல்லாமல் கத்தரி வளர்க்கிறாயே, நானும் போடலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் இரண்டாவது பம்பும் கருகியிருந்தது.

இரண்டு வருடமாக ஓடும் டச்சு பக்கெட் அமைப்பு இது: பக்கெட்டில் மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்த்தூள், டைமர் வைத்த பம்ப் டிரம்மிலிருந்து உரம் கலந்த தண்ணீரை அதற்கு அனுப்பும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஆறு, 80 லிட்டர் டிரம் ஒன்று, ஏர் கூலருக்குப் போடும் 18 வாட் பம்ப், வடிந்த தண்ணீரை டிரம்முக்கே திருப்பும் ஒன்றரை அங்குல பிவிசி பைப். எப்படிக் கட்டுவது என்று காட்ட வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. நான் பேச வந்தது பக்கெட்டின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் எல்போவை, அதாவது வளைந்த பைப் இணைப்பைப் பற்றித்தான்.

முக்கால் அங்குல எல்போ, உள்பக்கம் வாய் கவிழ்ந்திருக்கும். அதன் புண்ணியத்தில் பக்கெட்டின் அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் எப்போதும் தங்கும். கரண்ட் போனால் செடி வாடாமல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். நல்ல யோசனைதான். செடிக்கும் அது நல்ல யோசனையாகவே தெரிகிறது. நான்காவது மாதம் வேர் அந்தக் குட்டைக்கு வந்துவிடும், ஐந்தாவது மாதம் எல்போவுக்குள் நுழையும். அப்புறம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரிதான். தண்ணீர் திரும்பாமல் பக்கெட் நிரம்பி வழிந்து, மழைநீர்க் குழாய் வழியே தெருவுக்குப் போகும். உரம் கலந்த தண்ணீர்! டிரம் காலியானது டைமருக்குத் தெரியுமா? நேரம் வந்தால் பம்பைப் போடும். தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அந்தப் பம்புக்குச் சூடு ஆறும். வெறும் டிரம்மில் நாலு தடவை ஓடியது, முடிந்தது.

சாமான் விற்றவரிடம் கேட்டேன். "வலை சுற்றுங்க சார், போதும்" என்றார். கொசுவலையைச் சுற்றினேன். வேருக்கு முன்னால் தேங்காய் நார்த்தூள் வந்து வலையை அடைத்தது. இப்போது வெளிப்பக்கம் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து, பழைய சைக்கிள் பிரேக் வயரை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். வருவது நனைந்த சடைமுடி மாதிரி இருக்கும்.

எல்லாப் பழியையும் எல்போ மேல் போடுவதும் நியாயமில்லை. முதல் வருடம் இலை ஓரம் கருகியதற்குக் காரணம் நான்தான். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900. அதன் மேல் உரத்தையும் கரைத்தால் செடி என்ன செய்யும்? பிஎச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) எவ்வளவு ஆசிட் ஊற்றி இறக்கினாலும் இரண்டே நாளில் ஏழுக்கு மேல் ஏறிவிடும். மழைத்தண்ணீரைப் பிடித்துக் கலக்க ஆரம்பித்த பிறகு ஆறு, ஆறரையில் நிற்கிறது. தக்காளி இந்த வெயிலுக்கு ஒத்துவரவில்லை, மே மாதம் பூவெல்லாம் கொட்டியது. விட்டுவிட்டேன்.

ஆனால் கத்தரி! அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நட்டுப் பதினான்கு மாதமான செடி. இரண்டு முறை கவாத்து செய்தேன், இரண்டு முறையும் புதுச்செடி மாதிரி துளிர்த்தது. வாரம் ஒரு கிலோவுக்குக் குறையாமல் பறிக்கிறோம். சொத்தைக் காய் வரத்தான் செய்கிறது, புழுவுக்கு மண்ணும் ஒன்றுதான் பக்கெட்டும் ஒன்றுதான். காம்பு முள் மட்டும் கையைக் கிழிக்கும் அளவுக்குத் திடம். என் அம்மா கடையில் கத்தரிக்காய் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

நண்பனிடம், "வேண்டாம்டா, தொட்டியில் மண்ணைப் போட்டு வை" என்று சொல்லி ஒரு பை காயைக் கொடுத்தனுப்பினேன். ராத்திரி போன் செய்து, பெயிண்ட் பக்கெட் எங்கே கிடைக்கும் என்கிறான். மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இன்று சனிக்கிழமை. மூன்றாவது பக்கெட்டில் தண்ணீர் கொஞ்சம் ஏறித்தான் நிற்கிறது.