வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என்.: அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?

ஏ.டி.என். என்ற இரண்டாண்டு நர்சிங் படிப்பை முடித்து, ஆறு வருடம் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை) யூனிட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்த பிறகுதான் நான் பி.எஸ்.என். என்ற நான்காண்டு நர்சிங் இளநிலைப் பட்டத்தின் பக்கம் திரும்பினேன். அதுவரை அவசியப்படவில்லை. அமெரிக்காவில் இரண்டு ஆண்டு படித்தவரும் நான்கு ஆண்டு படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ். நோயாளிக்கு ஊசி போடும்போது யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை.

ஆனால் காற்று வீசும் திசை தெரிந்துவிட்டது. 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். முடித்திருக்க வேண்டும் என்று இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2010-லேயே பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017-இல் சட்டமே போட்டது: புதிதாக லைசென்ஸ் வாங்குபவர்கள் 10 ஆண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டும். நர்சிங் தரத்துக்காகத் தரப்படும் மேக்னட் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் நர்ஸ் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் குறைந்தபட்சம் நர்சிங்கில் இளநிலைப் பட்டம் வேண்டும். எங்கள் மேனேஜர் வேலை காலியானபோது, என்னைவிட மூன்று வருடம் ஜூனியரான ஒருவர் விண்ணப்பித்தார். என்னால் விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. சரி, படித்துத் தொலைவோம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

வேலையில் இருக்கும் ஆர்.என்.களுக்கு ஆன்லைன் படிப்புகள் ஏராளம். விளம்பரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கட்டணம் வாங்கும் முறையில் இரண்டே வகைதான்.

ஒன்று, கிரெடிட் கணக்கு. எத்தனை கிரெடிட் எடுக்கிறீர்களோ அத்தனைக்குப் பணம். டெக்சாஸ் ஆர்லிங்டன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்த ரகம். ஐந்து வாரம், ஏழெட்டு வாரம் என்று குறுகிய பாடங்களாக வரிசையாக ஓடும். ஒவ்வொரு வாரமும் கெடு இருக்கும். புளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சமுதாயக் கல்லூரிகளே பி.எஸ்.என். தருகின்றன. அந்த மாநிலவாசி என்றால் கட்டணம் இன்னும் குறையும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, காலக் கணக்கு. ஒரு டெர்முக்கு ஒரே தொகை. அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் பணம் கிடையாது. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி (டபிள்யூ.ஜி.யு.) இதில் பெரிய பெயர். மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற பல்கலைக்கழகம். அங்கே ஒரு டெர்ம் ஆறு மாதம். கப்பெல்லாவின் ஃபிளெக்ஸ்பாத் 12 வார டெர்ம், ஆனால் அது லாபத்துக்கு நடக்கும் நிறுவனம்.

அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திருத்தம்: முழுச் சாப்பாட்டுக் கடையில் குறித்த நேரத்துக்கு இலையை எடுத்துவிடுவார்கள்.

நான் முழுச் சாப்பாட்டுக்குப் போனவள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் புலம்பவும் வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அதே சமயத்தில் கிரெடிட் கணக்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அந்தப் பக்கம் பற்றி நான் சொல்வதெல்லாம் அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

தரத்தைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. நர்சிங் துறைக்கு சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். என்ற தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடுங்கள். பாடங்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைமைத்துவம், ஆராய்ச்சி, சமுதாய நலம், ஏ.பி.ஏ. என்ற மேற்கோள் முறையில் கட்டுரை, மறுபடியும் கட்டுரை.

தீர்மானிக்கும் விஷயம் பணம். அதிலும் மொத்தக் கட்டணம் அல்ல, அதை யார், எந்த ஆண்டில் கட்டுகிறார்கள் என்பது. நான் இதைத் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஊழியரின் படிப்புக்கு மருத்துவமனை தரும் பணத்தில் ஒரு காலண்டர் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. அதனால் பல மருத்துவமனைகள் அந்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளும். எங்கள் மருத்துவமனையும் அப்படித்தான். பாடத்தில் தேறியதற்கான சான்றைக் காட்டிய பிறகுதான் பணம் வரும். பணம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறதோ, அந்த ஆண்டுக் கணக்கில்தான் அது சேரும்.

இதை வைத்துக்கொண்டு நான் சேரவிருந்த ஆறு மாத டெர்மைப் பாருங்கள். கணக்குக்காக ஒரு டெர்முக்கு 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இரண்டு டெர்ம் என்பது நடக்கக்கூடிய வேகம். நான் முதலில் ஜூலையில் சேர்வதாக இருந்தேன். ஜூலை டெர்ம் டிசம்பர் 31-இல் முடியும், அதற்கான பணம் ஜனவரியில் வரும். அடுத்த டெர்ம் ஜூனில் முடியும், அந்தப் பணம் ஜூலையில் வரும். இரண்டும் ஒரே காலண்டர் ஆண்டு! இரண்டாவது டெர்மில் 250 டாலர் போக மீதி முழுவதும் என் தலையில் விழுந்திருக்கும்.

எச்.ஆர். அலுவலகத்தில் ஓர் அம்மா காலண்டரைத் திருப்பி இதைக் காட்டினார். நான் போனது ஜனவரியில். "ஏப்ரல்ல சேருங்க," என்றார். ஏப்ரல் டெர்ம் செப்டம்பரில் முடியும், அக்டோபரில் பணம். அடுத்த டெர்ம் மார்ச்சில் முடியும், ஏப்ரலில் பணம். ஆண்டு மாறிவிட்டது. இரண்டு டெர்மும் வரம்புக்குள் அடங்கிவிட்டன. கல்லூரியும் எந்த மாதம் 1-ஆம் தேதி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளும் ரகம் என்பதால் சிக்கல் வரவில்லை.

கிரெடிட் கணக்கில் இதே கதை எப்படிப் போகும்? மீதி 30 கிரெடிட், கிரெடிட்டுக்கு 300 டாலர் என்றால் 9,000. 'ஒன்பதே மாதத்தில் பட்டம்' என்ற விளம்பரத்தை நம்பி ஒரே ஆண்டுக்குள் முடித்தால் 3,750 டாலர் வரம்புக்கு வெளியே போய்விடும். வேகமாகப் படித்ததற்கு அபராதம் மாதிரி. அதையே 14 மாதம் இழுத்தால் செலவு குறையும். ஆக, இந்த வகையில் நிதானம் லாபம். காலக் கணக்கில் நிதானம் நஷ்டம். விரைவு, மலிவு என்ற இரண்டு சொல்லையும் விளம்பரத்தில் ஒட்டியே போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வருவது காலக் கணக்கில் மட்டும்தான், அதுவும் உங்கள் ஆறு மாதம் சொன்னபடி நடந்தால்.

சொன்னபடி நடக்குமா? என் முதல் டெர்மில் நடக்கவில்லை. சமுதாய நலப் பாடத்துக்கு வெளியே ஓர் இடத்தில் களப்பணி செய்ய வேண்டும். அந்த இடத்திலிருந்து அனுமதிக் கடிதம் வர மூன்று வாரம். கையெழுத்து போட வேண்டியவர் விடுமுறையில் இருந்தார். கல்லூரியைக் கேட்டால் "காத்திருங்கள்" என்றார்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த வகையில் சேர்பவர்கள் முதல் நாளே அந்தக் கடித வேலையைத் தொடங்கிவிடுங்கள், பாடம் நான்காவது மாதம்தான் என்றாலும்.

கட்டுரை திரும்பி வருவது இன்னொரு நேர விரயம். மதிப்பீட்டுக்கு மூன்று நாள் வரை ஆகும். என் முதல் கட்டுரை, ரூப்ரிக்கில் (எதற்கெல்லாம் பதில் வேண்டும் என்ற மதிப்பீட்டுப் பட்டியலில்) 'பி-2' என்ற ஒரே வரிக்குப் பதில் போதவில்லை என்று வந்தது. பதில் இருந்தது, நான்காவது பத்திக்குள் புதைந்து கிடந்தது. அதன் பிறகு ரூப்ரிக்கில் உள்ள வரிகளையே அப்படியே தலைப்புகளாகப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலை எழுதினேன். படிக்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். ஆனால் அப்புறம் திரும்பி வந்தவை இரண்டுதான்.

ஏப்ரலுக்குக் காத்திருந்த மாதங்களையும் வீணாக்கவில்லை. பொதுப் பாடங்களில் மூன்று பாக்கி இருந்தன, புள்ளியியல் உட்பட. சோஃபியா என்ற தளத்தில் மாதம் 99 டாலர் சந்தா. இரண்டு மாதத்தில் மூன்றையும் முடித்து கிரெடிட்டை மாற்றிக்கொண்டேன். எல்லாக் கல்லூரிகளும் இதை ஏற்பதில்லை, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு படியுங்கள். காலக் கணக்கில் சேர்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே சூட்சுமம் இதுதான்: மீட்டர் போடுவதற்கு முன்னால் நடக்கக்கூடிய தூரத்தை நடந்துவிடுங்கள்.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவள் பகுதிநேரம், அதனால் மருத்துவமனை பாதிதான் தரும்: ஆண்டுக்கு 2,625. அதே 9,000 டாலர் கட்டணத்தில், இரண்டு ஆண்டில் 5,250 போக, 3,750 டாலர் அவள் கையிலிருந்து போனது. என்னைவிட அதிகம்தான். ஆனால் நடுவில் அவள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் ஒரு பாடமும் எடுக்கவில்லை, ஒரு டாலரும் செலவாகவில்லை. என் வகையில் அந்த இரண்டு மாதம் அவளை மூன்றாவது டெர்முக்குத் தள்ளியிருக்கும்: 15,000. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்து, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உறுதி சொல்ல முடியாதவர்கள் அவள் வழியில் போவதே நல்லது. அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. வாராவாரம் கெடு இருந்ததால் யாரோ பின்னால் நின்று தள்ளுவது போலப் படித்தாள். எனக்கு மென்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். மற்றபடி நான் உண்டு, லேப்டாப் உண்டு.

மதிப்பெண் விஷயத்தில் அவள் கை ஓங்கியிருக்கிறது. டபிள்யூ.ஜி.யு. போன்ற இடங்களில் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்ற இரண்டுதான். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஜி.பி.ஏ. (4-க்கு எத்தனை என்ற மதிப்பெண் சராசரி) 3.0 என்றே கணக்கு. எங்கள் எச்.ஆர். விதியில் 'சி கிரேடு அல்லது அதற்கு மேல்' என்று இருந்ததால், தேர்ச்சி என்பது பி-க்குச் சமம் என்று கல்லூரியிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர் வேலைக்கு இது போதும். மயக்க மருந்து நர்ஸ், அதாவது சி.ஆர்.என்.ஏ. ஆகும் கனவு இருப்பவர்கள் யோசியுங்கள். 2022 முதல் அந்தப் படிப்பில் சேர்பவர்கள் எல்லோரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். போட்டி கடுமை, ஜி.பி.ஏ.-வைப் பார்ப்பார்கள். நான் அந்த வழியில் விண்ணப்பித்ததில்லை, ஆனால் அந்த எண்ணம் இருந்திருந்தால் கிரேடு தரும் இடத்தில்தான் சேர்ந்திருப்பேன்.

நம்மவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஊரில் ஏற்கெனவே ஏதோ ஒரு பி.எஸ்சி. முடித்திருந்தால் பெல் கிராண்ட் என்ற அமெரிக்க அரசின் உதவித்தொகை கிடைக்காது, அது முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடனும் இல்லை. ஆகவே மருத்துவமனைப் பணம்தான் நமக்கு ஆதாரம். அதை வாங்கும்போது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். படித்து முடித்த பிறகு ஓராண்டு, இரண்டாண்டு அங்கேயே இருக்க வேண்டும், முன்னால் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். எனக்கு இரண்டாண்டு.

சம்பளம் மணிக்கு ஒரு டாலர் கூடியது. வாரம் 36 மணி நேரத்துக்கு, வரிக்கு முன் ஆண்டுக்கு 1,872 டாலர். கையிலிருந்து போட்டது சோஃபியாவுக்கான 198 டாலரும் சில்லறைச் செலவும். இன்னொருமுறை தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் காலக் கணக்கையே எடுப்பேன், ஏப்ரலிலேயே சேர்வேன்.

கடைசிக் கட்டுரை மார்ச் 22 அன்று, ஷிஃப்ட் முடிந்து கார் பார்க்கிங்கில் போனைத் திறந்தபோது தேறியிருந்தது. டெர்ம் முடிய இன்னும் 9 நாள். அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருந்தேன். தூங்கினேன்.