நாலு காதுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப்

எட்டு மாதத்துக்கு முன்னர் கொழும்பில் மருதானைப் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில் 9,500 ரூபாவுக்கு வாங்கினேன். என் கைக்காசு. நோயாளியின் கையில் வைக்கும் தட்டு ஒன்றுதான். அதிலிருந்து குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு சோடிக் காதுக்குப் போகும். 'டீச்சிங் ஸ்டெதஸ்கோப்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தாதிய மாணவர்களை வார்டில் பழக்குவதுதான் என் வேலை, பதினொரு வருடமாக. இந்த வேலைக்கென்று நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

இதை ஏன் தேடிப் போனேன் என்றால், நான் முதலாம் வருடம் படித்தபோது ஒரு ஐயாவுக்குப் பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். காதில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் காற்றடித்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை. "எவ்வளவு?" என்று பக்கத்தில் நின்ற சிஸ்டர் கேட்டார். காலைச் சார்ட்டில் 130/80 இருந்தது. அதையே சொல்லி, எழுதியும் விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் பார்த்தபோது 190/110. உடனே மருந்து கொடுத்தார்கள், ஐயா சுகமாகி வீட்டுக்குப் போனார். அந்தச் சிஸ்டர் என்னை மிரட்டவும் இல்லை. 'கேட்கவில்லை' என்று சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: "கேக்கேல்லை எண்டா கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அதுக்கு ஏச மாட்டன். கேக்காததை எழுதினாத்தான் ஏசுவன்." பிரஷர் மீற்றரின் டயலில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் போட்டிருக்கும். ஒரு பிள்ளை வந்து "125, மிஸ்" என்றால், முள்ளைப் பார்க்கவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்போதும் சத்தம் போடுவதில்லை. திரும்ப அந்தக் கட்டிலுக்கே கூட்டிப் போவேன்.

ஆனால் கூட்டிப்போய் என்ன செய்வது? முள்ளை இருவரும் பார்க்கலாம். சத்தம் ஒருவர் காதுக்குள் மட்டும்தான். பிள்ளை பார்த்த பிறகு நான் தனியாகப் பார்த்து "148" என்றால், அவளுக்கு அது வெறும் விடை. எந்தச் சத்தத்தைத் தவறவிட்டாள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொரட்கோவ் என்ற ரஷ்ய சத்திரசிகிச்சை நிபுணர் 1905இல் விவரித்த சத்தங்கள், ஐந்து கட்டங்கள் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். பரீட்சையில் அழகாக எழுதுகிறார்கள். காதுக்கு அறிமுகம் செய்து வைக்க ஆளில்லை.

போன மாதம், வாகரையில் இருந்து வந்த ஒரு பிள்ளை. மூன்று நாளாக ஒன்றும் கேட்கவில்லை என்று கண் கலங்கி நின்றாள். தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு சிங்கள அம்மா கட்டிலில் இருந்தார். "அம்மே, ப்ரெஷர் எக பலன்னத?" (அம்மா, பிரஷர் பார்க்கட்டா?) என்று கேட்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். இருவரும் காதில் மாட்டினோம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, அது மறையும் வரை காற்றடித்து, அதற்கு மேல் இன்னும் 30. பிறகு காற்றை விடும் திருகை மெல்லத் திறந்து, ஒரு செக்கனுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றராக இறக்கினாள். 148இல் முதல் 'டக்'. பிரஷரின் மேல் எண் அதுதான். நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், இதுவா? இது குழாய் உரசுற சத்தம் எண்டெல்லே நினைச்சன்!"

மூன்று நாளும் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இதுதான் அது என்று சொல்ல ஒருவரும் கூடவே கேட்கவில்லை. சத்தம் அடங்கும் இடம்தான் கீழ் எண். 86இல் அடங்கியதும் இந்த முறை விரலைத் தூக்கியது அவள்.

குறைகளும் உண்டு. குழாய் நீளம் என்பதால் சாதாரண ஸ்டெதஸ்கோப்பை விடச் சத்தம் கொஞ்சம் மெலிது. விசிறியும் கதையுமாக இருக்கும் பார்வையாளர் நேரத்தில் சரிவராது. ஒரு சோடியைச் சும்மா தொங்கவிட்டால் சத்தம் அந்தப் பக்கத்தால் கசிந்துவிடும், மடித்துப் பிடிக்க வேண்டும். காதுக் குமிழ் கல்லு மாதிரி; மென்மையான சோடி தனியாக வாங்கி மாற்றினேன். காது மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு ஒரே நோயாளியில் ஐந்து பேரைப் பழக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கையில் இரண்டு முறை, இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு. அதற்கு மேல் தேவைப்பட்டால் என் கையைத்தான் கொடுப்பேன். வருத்தத்தில் படுத்திருக்கும் மனிசர் நம்மை நம்பி நீட்டும் கை அது. இரண்டு கிழமைக்கு மேல் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் இல்லை. பிறகு சாதாரண ஸ்டெதஸ்கோப்தான், நான் கட்டிலின் கால்மாட்டில் நிற்பேன்.

வாங்குகிறவர்கள் இரண்டு பேராகப் போய்க் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். நான் தனியாகப் போனதால் கடைக்காரத் தம்பியை மற்றச் சோடியை மாட்டச் சொல்லி, காற்றடிக்கும் கஃப் பட்டியை என் கையிலேயே சுற்றினேன். "அக்கா, கேக்குது, கேக்குது" என்றார். 118/76.