ஆப்பிள்கிராஸுக்கு எந்த வழி: கணவாயா, கடற்கரையா?

ஸ்காட்லாந்து ஹைலேண்ட்ஸின் மேற்குக் கரையில் உள்ள ஆப்பிள்கிராஸ் சிற்றூருக்குச் செல்ல இரண்டே சாலைகள்.

முதலாவது பெலாக் நா பா. கேலிக் மொழியில் மாட்டுக் கணவாய் என்று பொருள். டோர்னாபிரஸில் கடல் மட்டத்தருகே தொடங்கி 626 மீட்டர் ஏறுகிறது. சில இடங்களில் சரிவு 20 சதவீதம், உச்சிக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகள். கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) இழுத்து வருபவர்களும் புதிதாக ஓட்டுநர் பயிற்சி பெறுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் சூடேறி பிடிப்பு குறையும். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். தெளிந்த நாளில் ஸ்கை தீவு கண்ணெதிரே நிற்கும். மூடுபனியில் அதுவும் இல்லை. குளிர்காலத்தில் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள்.

ஷீல்டெயிக் வழியான கடற்கரைச் சாலை 1970களில்தான் வந்தது. தூரம் அதிகம், ஏற்றம் குறைவு. கேரவன் இருந்தால் இதுதான் சரி. ஆடுகள் குறுக்கே வரும், கவனம்.

இரண்டு சாலைகளிலும் ஒரு வண்டி செல்லும் அகலமே உண்டு. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட அமைத்த ஒதுங்கிடம் வலப்பக்கம் இருந்தால், அதற்கு எதிரே இடப்பக்கமே நின்று வழிவிடுங்கள். ஒதுங்கிடத்தில் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. வானம் தெளிவாக இருந்தால் கணவாயில் ஏறி, கரைவழி திரும்புவதே என் தேர்வு.