பழைய கன்சோலைக் கடையில் விட்டுவைப்பதா, எடுத்துவிடுவதா? சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ: மூன்று வழிகள்

2006 நவம்பரில் சோனியின் வீடியோ கேம் கன்சோலான பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் சீசன். அந்த டிசம்பரில் அங்கே அதிகம் விற்ற வீட்டுக் கன்சோல் பிஎஸ்3 இல்லை, அதன் எதிரியான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-யும் இல்லை. 2000-இல் வெளிவந்த பிஎஸ்2தான், சுமார் 14 லட்சம். பிஎஸ்3 சுமார் 4.9 லட்சத்தோடு நின்றது. பிஎஸ்3-க்கு அப்போது கடும் தட்டுப்பாடு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் ஆறு வயதான ஒரு பெட்டியை, புதியது பக்கத்து அலமாரிக்கு வந்த பிறகும், 14 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம், "மிச்ச ஸ்டாக்கைத் தள்ளிவிடுகிறார்கள்" என்பது. அது சரியில்லை. பிஎஸ்3 வந்து ஓராண்டு கழித்து பிஎஸ்2-வுக்குப் புதிய மாடல் ஒன்றையே சோனி வடிவமைத்து இறக்கியது. உற்பத்தி முழுதாக நின்றது 2013 ஜனவரியில். பிஎஸ்4 வர பத்து மாதம்தான் பாக்கி. ஒரு பொருளைப் பதின்மூன்று வருடம் ஓட்டுவதற்கு மிச்ச ஸ்டாக் போதாது; திட்டம் வேண்டும்.

அந்தத் திட்டம் எல்லா நிறுவனத்துக்கும் கைகூடவில்லை. ஏன் ஒருவருக்கு முடிந்தது, இன்னொருவருக்கு முடியவில்லை என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது: உள்ளே இருக்கும் சிப் யாருடையது?

சோனி: பெட்டியைச் சுருக்கிக்கொண்டே போனவர்கள்

புதுக் கன்சோல் பெரும்பாலும் அடக்க விலைக்கோ அதற்கும் கீழேயோதான் விற்கப்படும். பிஎஸ்3-ஐப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம் 60 ஜிபி மாடலின் தயாரிப்புச் செலவை ஏறக்குறைய 840 டாலர் என்று கணக்கிட்டது. விற்ற விலை 599. அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது கேம்கள். எந்த நிறுவனம் கேம் செய்தாலும், விற்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சோனிக்கு லைசன்ஸ் கட்டணம் உண்டு. ஆண்டுகள் போகப்போகத் தயாரிப்புச் செலவு இறங்கினால், ஒரு கட்டத்தில் பெட்டியிலேயே லாபம் வரத் தொடங்கும். கேம் வருமானமும் கூடவே வரும். இரண்டும் சேர்ந்து வருகிற அந்த நேரத்தில் உற்பத்தியை நிறுத்துவது, காய்க்கத் தொடங்கிய தென்னையை வெட்டுவதற்குச் சமம்.

பிஎஸ்2-வின் முதல் மாடல் 2 கிலோவுக்கு மேல் கனக்கும். தட்டு வெளியே நீளும் டிவிடி டிரைவ், பின்பக்கம் ஹார்ட் டிஸ்க் செருக ஒரு பெரிய இடம், விசிறி. எமோஷன் எஞ்சின், கிராஃபிக்ஸ் சிந்தசைசர் என்ற இரண்டு முக்கிய சிப்களும் தனித்தனி. 2004-இல் வந்த ஸ்லிம் மாடலின் தடிமன் 2.8 சென்டிமீட்டர்தான். எடை ஒரு கிலோவுக்குள். நீளும் தட்டு போய்விட்டது, மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கையால் வைக்க வேண்டும். தட்டை நகர்த்தும் மோட்டாரும் பல்சக்கரமும் மிச்சம். ஹார்ட் டிஸ்க்குக்கான இடத்தையும் எடுத்துவிட்டார்கள். பவர் சப்ளை வெளியே, லேப்டாப் அடாப்டர் மாதிரி தனிக் கட்டியாகத் தொங்கியது. இரண்டு முக்கிய சிப்களும் 90 நானோமீட்டர் என்ற நுண்ணிய தயாரிப்பு முறையில் ஒன்றாக இணைந்தன. 2007 இறுதியில் வந்த 90000 வரிசையில் உட்பலகை இன்னும் சுருங்கி, பவர் சப்ளை மறுபடி பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

இந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வாடிக்கையாளர் கண்ணுக்கு அதே கன்சோல், அதே கேம்கள். உள்ளே மட்டும் திருகாணி திருகாணியாகச் செலவு கழற்றப்பட்டிருக்கிறது. அமெரிக்க விலை 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2004-இல் 149, 2006-இல் 129, 2009 ஏப்ரலில் 99.99. கடைசி விலை தொடங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. இது சாத்தியமானதற்குக் காரணம், சிப்களின் வடிவமைப்பு தோஷிபாவோடு சேர்ந்து சோனியின் கையில் இருந்தது. நாகசாகியில் சொந்தச் சிப் ஆலையும் இருந்தது. எப்போது சுருக்குவது, எதை எதோடு இணைப்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆரம்ப பிஎஸ்3-க்குள் பிஎஸ்2-வின் சிப்களே இருந்தன, பழைய கேம்கள் அதில் ஓடின. செலவைக் குறைக்க அந்தச் சிப்களைப் படிப்படியாக எடுத்தார்கள்; 2007 இறுதியில் வந்த 40 ஜிபி மாடலில் பிஎஸ்2 கேம் ஓடவே ஓடாது. பிஎஸ்3 வாங்கியவருக்கு அது அநியாயம். ஆனால் பிஎஸ்2-வைக் கடையில் வைத்திருக்க அது மேலும் ஒரு காரணமானது.

மைக்ரோசாஃப்ட்: நான்கே ஆண்டில் நின்றுபோன முதல் எக்ஸ்பாக்ஸ்

முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் வந்தது. சக்தியில் பிஎஸ்2-வை மிஞ்சியது. விலையிலும் சளைக்காமல் போட்டி போட்டது: 2004-இல் 149 டாலருக்கு முதலில் இறங்கியதே அதுதான், சோனி பின்னால் வந்தது. இரண்டு பெட்டிக்கும் கடையில் ஒரே விலை. செலவுக் கணக்கோ முற்றிலும் வேறு.

எக்ஸ்பாக்ஸின் மூளை இன்டெலின் பென்டியம் 3 வகைச் சிப். கிராஃபிக்ஸ் என்விடியாவுடையது. இரண்டையும் மைக்ரோசாஃப்ட் வெளியிலிருந்து வாங்கியது, வடிவமைப்பு அதன் கையில் இல்லை. எனவே இரண்டையும் ஒன்றாக்கிச் சிறிதாக்கவும் வழியில்லை. சிப் விலை தொடர்பாக என்விடியாவோடு 2002-இல் நடுவர் மன்றம் வரை போய், 2003-இல்தான் சமரசம் ஆனது. போதாக்குறைக்கு ஒவ்வொரு பெட்டியிலும் ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க் விசித்திரமான பொருள். ஆண்டுதோறும் கொள்ளளவு கூடும், ஆனால் ஒரு டிஸ்க்கின் அடிமட்ட விலை ஓரளவுக்குக் கீழே போகாது. மோட்டாரும் தகடும் எப்படியும் வேண்டுமே.

ஆக, விற்க விற்க நஷ்டம் குறையாத பெட்டி. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும் பழையதை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. மொத்தம் சுமார் 2.4 கோடி விற்பனை. பிஎஸ்2 15.5 கோடியைத் தாண்டியது.

பாடம் கற்றுக்கொண்டார்கள். 360-இல் ஐபிஎம், ஏடிஐ இரண்டும் வடிவமைத்துக் கொடுத்த சிப்களைத் தங்கள் விருப்பப்படி தயாரித்துக்கொள்ளும் உரிமையை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். 2010-இன் மெலிந்த மாடலில் இரண்டு சிப்பும் ஒன்றாயின. விளைவு, அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013-இல் வந்த பிறகும் 360-இன் உற்பத்தி 2016 ஏப்ரல் வரை ஓடியது. அதே நிறுவனம், முந்தைய தலைமுறையில் செய்ய முடியாததை இந்தத் தலைமுறையில் செய்தது. சிப் உரிமையே காரணம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

நிண்டெண்டோ: பழையது ஒரு காப்பீடு

நிண்டெண்டோவின் கதை வேறு மாதிரி. ஃபாமிகாம் என்ற கன்சோலை 1983-இல் தொடங்கி 2003 வரை ஜப்பானில் தயாரித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்குப் பழையதை வைத்திருப்பது பெரும்பாலும் பயத்தில் பிறந்த முடிவு. 2004-இல் இரட்டைத் திரை கொண்ட கையடக்கக் கருவி டிஎஸ் வந்தபோது, அது முந்தைய கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் வாரிசு இல்லை, வீட்டுக் கன்சோல், கேம் பாய் இரண்டோடு சேரும் மூன்றாவது தூண் என்றார்கள். டிஎஸ் படுத்துவிட்டால் கேம் பாய் பெயர் கெடாமல் இருக்க வேண்டும். அது படுக்கவில்லை, 15.4 கோடி விற்றது. மூன்றாவது தூண் பேச்சும் அதோடு மறைந்தது.

2017 இன்னும் சுவாரசியம். ஸ்விட்ச் என்ற புதிய கன்சோல் மார்ச்சில் வந்தது. சுமார் 1.36 கோடியே விற்ற முந்தைய கன்சோலான வீ யூ-வின் உற்பத்தியை அதற்கு முன்பே, ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் டிஎஸ்-க்கு அடுத்து வந்த கையடக்கக் கருவியான 3டிஎஸ்-இன் குடும்பத்தை விடவில்லை. ஸ்விட்ச் வந்து நான்கு மாதத்தில் அந்தக் குடும்பத்தில் புதிய மாடல் ஒன்றையே வெளியிட்டார்கள். அதே குடும்பத்தின் மலிவு மாடலான 2டிஎஸ் அப்போது 80 டாலர், குழந்தைக்கு வாங்கித் தரக்கூடிய விலை. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு பழைய கருவிகள். வாங்கியவர் கூட்டம் இருந்தது பிழைத்தது, இல்லாதது போனது. ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் வைத்திருக்கும் கருவிக்குத்தான் கேம் வரும், கேம் வரும் கருவியைத்தான் புதியவர் வாங்குவார்.

நம்மூர்ப் பக்கம்

இந்தியாவில் பிஎஸ்2-வின் நீண்ட ஆயுளுக்கு நேரடி விளைவு உண்டு. பிஎஸ்3 வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, 2009-இல், சோனி வெளியிட்ட இந்தியத் தயாரிப்பு கேம்கள் பிஎஸ்2-வுக்குத்தான் வந்தன: 'ஹனுமான்: பாய் வாரியர்', கபடியும் கிட்டிப்புள்ளும் வைத்த 'தேசி அட்டா'. இரண்டும் ஹைதராபாத் நிறுவனங்கள் செய்தவை. பிஎஸ்3-க்குச் செய்தால் செலவு பல மடங்கு, வாங்க ஆளும் குறைவு. பழைய கன்சோல் கடையில் இருந்ததால்தான் அந்தச் சிறிய ஸ்டுடியோக்களுக்கு ஒரு வாசல் கிடைத்தது.

மறுபக்கமும் இருக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவில் நகல் டிஸ்க் ஓடும்படி சிப் போட்ட பிஎஸ்2-வும் பர்மா பஜாரில் நகல் டிஸ்க்கும் வாங்கி விளையாடிய தலைமுறை ஒன்று உண்டு. அப்படி ஓடும் கேமில் சோனிக்கு லைசன்ஸ் காசு பைசா வராது. பெட்டியிலேயே லாபம் வரும் நிலைக்கு வந்த பழைய கன்சோலால்தான் இப்படிப்பட்ட சந்தையில் தாக்குப்பிடிக்க முடியும். நஷ்டத்தில் விற்கும் புதுக் கன்சோலுக்கு அது கட்டுப்படியாகாது.

இன்று மூன்று பேரும்

2020-இல் மைக்ரோசாஃப்ட் பழையதை முழுக்க விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் எக்ஸ்பாக்ஸ் ஒன் உற்பத்தி எல்லாம் நிறுத்தம். பதிலுக்கு, புதுத் தலைமுறையில் 499 டாலர் சீரிஸ் எக்ஸோடு 299 டாலர் சீரிஸ் எஸ். மலிவு வாசல் வேண்டும், ஆனால் அது புதுத் தலைமுறையாகவே இருக்கட்டும் என்ற யோசனை. நல்ல யோசனை, புதிதாக வருபவர் நான்கு ஆண்டில் ஓரங்கட்டப்பட மாட்டார். இடைஞ்சல், கேம் செய்பவர்கள் சீரிஸ் எக்ஸின் 16 ஜிபி நினைவகத்துக்கும் சீரிஸ் எஸ்-இன் 10 ஜிபி-க்கும் சேர்த்தே செய்ய வேண்டும். 'பால்டர்ஸ் கேட் 3' என்ற கேம் பிஎஸ்5-க்கு 2023 செப்டம்பரில் வந்தும் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆனதற்கு, சீரிஸ் எஸ்-இல் இருவர் திரை பிரித்து ஆடும் வசதியை ஓட வைக்க முடியாததே காரணம்.

பிஎஸ்5 வந்த பிறகும் சோனி பிஎஸ்4-ஐ வைத்துக்கொண்டது. ஆனால் பிஎஸ்2-வுக்குச் செய்ததைச் செய்யவில்லை. அமெரிக்காவில் பிஎஸ்4-இன் பட்டியல் விலை 299-க்குக் கீழே நிரந்தரமாக இறங்கவே இல்லை. பிஎஸ்5 கிடைக்காத நாட்களில் இடத்தை நிரப்பியது, சோனியின் புதிய பெரிய கேம்கள் 2022 வரை இரண்டிலும் வந்தன, அவ்வளவுதான். 199 டாலருக்கு ஒரு பிஎஸ்4 வந்திருந்தால் பிஎஸ்2-வின் கதை இன்னொரு முறை நடந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்கு வழிவிடாதது எது என்றால், பழைய சூத்திரமே உடைந்துவிட்டது. பிஎஸ்2 காலத்தில் சிப்பைச் சிறிதாக்கினால் விலை சரிந்தது. இன்றைய நுண் தயாரிப்பு முறைகளுக்கே செலவு அதிகம், சிறிதாக்கியும் பெரிதாக மிச்சம் இல்லை. பணவீக்கமும் அமெரிக்க இறக்குமதி வரியும் அதன்மேல். 2025-இல் சீரிஸ் எஸ் 299-இலிருந்து 379 ஆகி, பிறகு 399 ஆனது.

நிண்டெண்டோவைப் பாருங்கள். 2025 ஜூனில் 449.99 டாலருக்கு ஸ்விட்ச் 2 வந்தது. முதல் ஸ்விட்ச் கடையில் தொடர்கிறது. அதன் கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால், பழையதை வாங்குபவரின் கேம் செலவு வீணாகாது. ஆனால் விலை? புதியது வந்து இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், பழையதன் விலையை அமெரிக்காவில் ஏற்றினார்கள். 2017-இல் 299.99-க்கு வந்த ஸ்விட்ச் 339.99. 2019-இல் 199.99-க்கு வந்த ஸ்விட்ச் லைட் 229.99. மூன்று நிறுவனங்களும் அப்போது அங்கே விற்ற கன்சோல்களில் ஆகக் குறைந்த விலை அதுதான். வெளிவந்த நாளைவிட 30 டாலர் கூடுதல்.