எவரெஸ்ட் அடிவார முகாம்: வழிகாட்டிச் சேவை பற்றி

கடல்மட்டத்திலிருந்து 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, வேலூரிலிருந்து நாங்கள் ஐவர் காத்மாண்டு நிறுவனமொன்றின் ஏற்பாட்டில் சென்று வந்தோம். லுக்லாவில் தொடங்கிய நடையில், 3,440 மீட்டர் உயரமுள்ள நாம்சே பஜாரிலும் பின்னர் திங்போச்சேயிலும் உடல் உயரத்துக்குப் பழகும்பொருட்டு இரண்டிரண்டு இரவுகள் தங்கவைத்து, பகலில் மேலே ஏற்றி, உறங்குவதற்குக் கீழே இறக்கி அழைத்து வந்த வழிகாட்டியின் பொறுமையே இச்சேவையின் பெருஞ்சிறப்பு. முகாமில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவர் நாள்தோறும் வற்புறுத்தினார். எங்களில் ஒருவர் உரிய நேரத்தில் கீழிறங்கித் தேறியது அதனால்தான். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் ஏறிப் பழகிய கால்கள் தளரவில்லை, ஆனால் மெல்லிய காற்றுக்கான பழக்கத்தை நம் மலைகள் தருவதில்லை. வாடகைக்குத் தந்த ஸ்லீப்பிங் பேக் ஒன்றின் ஜிப் பழுதாகியிருந்தது. அந்தக் குளிரில் இது பொறுக்கத்தக்க குறையன்று.