கறுப்பு முதலில் வர வேண்டும்

பிலிம் கழுவிப் படம் போடும் டார்க் ரூமைப் போனிலேயே காட்டும் ஒரு செயலியின் ஆண்டுச் சந்தாவைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார்கள், 1,200 ரூபாய் இருந்தது 499 ஆகிவிட்டது, இப்போதாவது வாங்கலாமா என்று தக்கலையில் இருக்கும் நண்பன் கேட்டான். போனில் சொல்ல ஆரம்பித்து பேச்சு நீண்டுகொண்டே போனதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். செயலியின் பெயரை இங்கே போடவில்லை. ஒரு சின்னக் குழு பாடுபட்டுச் செய்திருக்கிறது, எனக்கு அதன் மேல் கோபம் இருக்கிறது, பெயர் சொல்லித் திட்ட மனசு வரவில்லை. வைத்திருப்பவர்களுக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

பிலிம் கேமரா மாதிரி காட்டும் செயலிகளுக்குப் பஞ்சமே இல்லை. 2009-ல் ஹிப்ஸ்டாமேட்டிக் வந்த நாளிலிருந்து பழைய நிறத்தைப் படத்தின் மேல் பூசிக்கொடுப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2017-ல் கொரியாவிலிருந்து வந்த குடக், 24 படம் எடுத்தபின் மூன்று நாள் காக்க வைத்துத்தான் காட்டும். அதெல்லாம் ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவரின் அனுபவம். நான் சொல்லும் செயலி உள்ளே நின்றவனின் அனுபவத்தைத் தர முயல்கிறது. ரோலை நாமேதான் கழுவ வேண்டும், கழுவிய பிலிமான நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்துப் போட்டோ பேப்பரில் ஒளி விட வேண்டும், அப்புறம் படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ என்று மூன்று ட்ரே. கல்லூரி விடுமுறைகளில் வடசேரி பக்கம் ஒரு ஸ்டுடியோவின் டார்க் ரூமில் கையாளாக நின்றவன் நான், அதனால்தான் விலை கூடுதலாக இருந்தபோதே வாங்கினேன். இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது.

கழுவப் போகும் பிலிமை ரீலில், அதாவது வரிப்பள்ளம் உள்ள சக்கரத்தில், சுற்றும் இடம் வந்ததும் திரை முழுக்க இருண்டுவிடும். சிவப்பு விளக்கு கூடக் கிடையாது. சினிமாவில் எல்லாம் பிலிமைச் சிவப்பு வெளிச்சத்தில் உருவுவார்கள், அது தப்பு. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால் பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு எரியலாம், பிலிம் அப்படியில்லை, எல்லா நிறத்தையும் பார்க்கும், அதற்கு முழு இருட்டு வேண்டும். இதைத் தெரிந்து செய்திருக்கிறார்கள். அந்த இருட்டில் விரலை வட்டமாகத் திரையில் ஓட்டினால் போன் சன்னமாக அதிர்ந்துகொண்டே வரும், பிலிம் ஒழுங்காக வரிப்பள்ளத்தில் ஏறுகிறது என்று அர்த்தம். வேகம் கூட்டினால் அதிர்வு ஒரு கட்டை இடறும், பிலிம் மடங்கிவிட்டது, பின்னால் உருவி மறுபடி ஏற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியில் பிலிமின் ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சுற்றிய கைக்கு இது பெரிய சந்தோஷம். வேளிமலை அடிவாரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் மழையில் கரண்ட் போன ராத்திரிகளில் இதற்காகவே ரோலை மிச்சம் வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

சிவப்பு விளக்கையும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில் பிரிண்ட் எப்போதும் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும், புதுசாக வருகிறவன் போதும் என்று நினைத்துப் பேப்பரைச் சீக்கிரம் தூக்கிவிடுவான், வெள்ளை விளக்கைப் போட்டால் படம் வெளிறிக் கிடக்கும். செயலியிலும் அப்படியே. மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கீழே ஆற்றோரத்திலிருந்து நிமிர்ந்து எடுத்த படம் ஒன்று, தூண்கள் சரியாக இருந்தும் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. தூண்களைக் கையால் மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள், விரலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் ஓரம் கோடு விழாமல் கலக்கிறது. நிஜத்திலும் அதே கதைதான், அட்டைத்துண்டை அசைக்காமல் பிடித்தால் கோடு விழுந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். செயலியில் டெவலப்பர் எப்போதும் 20 டிகிரி. எச்பி5 பிலிம், நீர் சேர்க்காத டி-76 டெவலப்பர், ஏழரை நிமிடம், நிமிடத்துக்குப் பத்து நொடி போனைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், எல்லாம் கையேட்டில் உள்ளபடி. நாகர்கோவிலில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வந்த நாளை நான் பார்த்ததில்லை. மீன் சந்தையில் ஐஸ் வாங்கிப் பாலித்தீன் பையில் கட்டி, டெவலப்பர் பாட்டிலைச் சுற்றி வைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பதில்தான் எங்களுக்கு மத்தியானம் போகும். சூடு கூடினால் பிலிம் சீக்கிரமே கறுத்துவிடும், மேல்பூச்சும் இளகிப்போகும். இதையும் விளையாட்டில் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை, குளிர்நாட்டுக்காரர்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இதில் எனக்குக் கோபம் இல்லை.

என் கோபம் வேறு. ஒளி விட்ட வெள்ளைப் பேப்பரை டெவலப்பர் ட்ரேயில் நழுவவிட்டு, ஒரு மூலையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தி, படம் எழும்புவதைப் பார்க்கும் அந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான் மனிதர்கள் டார்க் ரூமுக்குள் போனார்கள். இந்தச் செயலியில் அந்த இடத்தில் மொத்தப் படமும் ஒரே மாதிரியாக, மூடுபனி விலகுவது போல, மெல்ல மெல்லத் தெளிகிறது. கறுப்பும் சாம்பலும் வெளுப்பும் சேர்ந்தே வருகின்றன. அப்படி எந்த ட்ரேயிலும் எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

கறுப்புதான் முதலில் வரும். நெகட்டிவில் எந்த இடம் தெளிவாகக் கண்ணாடி மாதிரி இருக்கிறதோ அதன் வழியாக வெளிச்சம் அதிகம் இறங்கும், பேப்பரில் அந்த இடம் அதிகம் ஒளி வாங்கியிருக்கும், டெவலப்பர் பட்டதும் அங்கேதான் வெள்ளி உப்பு முதலில் வெள்ளியாக மாறிக் கறுக்கும். கல்யாணப் படம் என்றால் முதலில் மாப்பிள்ளையின் தலைமுடியும் மீசையும் மட்டும் தண்ணீருக்குள் மிதக்கும், பெண்ணின் கண் இரண்டும் வரும், முகம் இருக்காது. அப்புறம் கோட்டு, அப்புறம் சேலையின் மடிப்பு, கடைசியில்தான் முகத்தின் சாயல், அதற்கும் கடைசியில் மாலையில் உள்ள வெள்ளைப் பூவின் இதழ் ஓரம். ஸ்டுடியோ அண்ணாச்சி எனக்கு முதல் நாளே சொன்னது இதுதான்: "மக்கா, இருட்டு முதல்ல எழும்பும், வெளுப்பு பைய வரும், நீ தூக்காம சும்மா இரி." ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' என்ற போட்டோ பேப்பரில் அதை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன், அலுத்ததே இல்லை.

இதற்காகவே ஒரு காலையில் தோவாளை பூச்சந்தைக்குப் போய் ஒரு ரோல் எடுத்தேன். பழைய கூடை, நார் கறுத்துப்போனது, மேலே குவித்த பிச்சிப்பூ. பக்கத்திலேயே எடைத்தட்டு, அதைப் பிடித்திருக்கும் கை. இந்தப் படம் நிஜ ட்ரேயில் எப்படி எழும்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும்: முதலில் கூடையின் பின்னல் இடுக்குகள் மட்டும், கறுப்புப் புள்ளி புள்ளியாக, அதன் மேல் ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பேப்பர், பூ என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது, கை வரும், தட்டின் விளிம்பு வரும், கடைசி இருபது முப்பது நொடியில் அந்த வெறுமைக்குள்ளிருந்து மொட்டு மொட்டாகப் பிச்சி பிரியும். செயலியில் பூவும் கூடையும் கையும் சேர்ந்து ஒரே நேரத்தில் வெளுப்பிலிருந்து கிளம்பி ஒரே நேரத்தில் வந்து நின்றன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதைச் சரிசெய்வது மலையைப் புரட்டும் வேலையும் இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கடைசியில் எவ்வளவு கறுப்பாக வரப்போகிறது என்று செயலிக்கு ஏற்கெனவே தெரியும். ரொம்பக் கறுப்பானதை முதலில் காட்டத் தொடங்கி, வெளுப்பானதைக் கடைசிக்கு விட்டால் முடிந்தது. இதை அவர்களுக்குப் படம் போட்டு விளக்கி எழுதினேன், பணிவாகப் பதில் வந்தது, பரிசீலிப்பதாக. அதற்குப் பிறகு வந்த புதுப்பிப்பில் படத்தைச் சுற்றிப் போட அலங்காரச் சட்டங்களும், நண்பர்களுக்கு ட்ரேயைப் பகிரும் வசதியும் வந்தன. ட்ரேயைப் பகிர்ந்து என்ன செய்வது? ரீல் சுற்றும் அதிர்வை அவ்வளவு பொறுமையாகச் செதுக்கியவர்கள் இந்த ஒன்றை மட்டும் எப்படி விட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இடையில் ஒரு எச்சரிக்கை. முட்டம் பாறையில் அலைச்சாரல் பட்டு என் போனின் திரை போய்விட்டது, கடையில் வேறு திரை மாற்றிக் கொடுத்தார்கள். முன்பு இருந்தது ஓஎல்இடி, அதில் கறுப்பு என்றால் விளக்கே அணைந்துவிடும். மாற்றியது எல்சிடி, பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் முழு இருட்டு வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு வெளிச்சம் கசிகிறது. ரீல் சுற்றும் சுகம் பாதி போய்விட்டது. எல்சிடி திரை வைத்திருப்பவர்கள் இந்தச் செயலியை யோசித்தே வாங்குங்கள், திரை மாற்றக் கொடுக்கும்போதும் எது போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நண்பனுக்குப் பதில். அவன் டார்க் ரூமுக்குள் போனதே இல்லை, அதனால் அவனுக்கு இது பிடித்தே போகும், பத்துக்கு எட்டு கூடக் கொடுப்பான். பிலிமைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொல்லித்தரும் செயலியை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் வாங்காதே என்றுதான் சொல்லப்போகிறேன். படம் அப்படித்தான் எழும்பும் என்று அவன் மனசில் பதிந்துபோவதை என்னால் தாங்க முடியாது. அந்த 499 ரூபாய் கையிலேயே இருக்கட்டும், மேலே கொஞ்சம் போட்டு பேப்பரும் டெவலப்பர் பொட்டலமும் வரவழைக்கலாம். ட்ரே மூன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. என்லார்ஜர் இல்லை, அதனால் என்ன, நெகட்டிவைப் பேப்பர் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மேலே சாதாரண பல்பை ஒரு நொடி எரியவிட்டு அணைத்தால் நெகட்டிவ் அளவுக்கே பிரிண்ட் விழும். குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்ட வேண்டும், சிவப்பு பல்பு ஒன்று தேட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன்.